செவலைக்கோழி தாய்வீடு போன கதை

அந்தக் காலத்தில், கோழியும் மனுஷியும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கோழிக்கு ஓய்வு என்ற பேச்சே கிடையாது. சித்திரை வெயிலோ ஐப்பசி அடைமழையோ, பொழுது விடிந்தால் முட்டை. வீராயி வீட்டுச் செவலைக்கோழியும் அப்படித்தான் இட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஐப்பசியில் வீராயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் பேச்சி தலைப்பிரசவத்துக்கு வந்து பெண் பிள்ளை பெற்றிருந்தாள். வெந்நீர் என்ன, பூண்டுக் குழம்பு என்ன, "நீ எந்திரிக்காதே, நான் பாத்துக்கிறேன்" என்ன! பேச்சி ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. போதாததற்குத் தினம் ஒரு முட்டை வேறு. பிள்ளை பெற்ற உடம்பு தேற வேண்டுமே!

முட்டை இட்ட உடம்புதான் தேறவில்லை. செவலையின் கொண்டை வெளுத்தது, நெஞ்செலும்பு துருத்தியது. ஒருநாள் ஓடே இல்லாத தோல்முட்டை ஒன்றை இட்டுவிட்டுச் சுவரோரம் சுருண்டு கிடந்தது. வீராயிக்குக் கோபம் தலைக்கேறியது. மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழியை மூடினாள்.

"ஒழுங்கா ஒரு முட்டை இட்டாத்தான் வெளிய விடுவேன்!"

பஞ்சாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏத்தா, உன் மக எத்தனை பிள்ளை பெத்தா?"

"ஒண்ணு. அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுக்கே மூணு மாசம் தாய்வீடு. நான் சித்திரையிலிருந்து இருநூறு பெத்துட்டேன். என்னை எப்ப அனுப்பப் போறே?"

உள்ளே பேச்சி களுக்கென்று சிரித்தாள். வீராயிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு ஏதுடி தாய்வீடு? உன் ஆத்தாளைத்தான் அடையில இருக்கும்போதே கீரி தூக்கிட்டுப் போயிருச்சே!"

"அப்ப என்னைப் பொரிச்சது யாரு?"

வீராயியின் கை தானாக இடுப்புக்குப் போனது. கீரிக்குத் தப்பிய அந்த ஒற்றை முட்டையைப் பழந்துணியில் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் திரிந்தவள் அவள்தான். குனியாமல், ஓடாமல், ஒருக்களித்துக்கூடப் படுக்காமல்! ஊரே கேலி செய்தது. பத்தாம் நாள் இடுப்பில் கீச்சென்று சத்தம் கேட்டதும் சந்தோஷத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"எனக்குப் பிறந்த வீடும் இதுதான், வாக்கப்பட்ட வீடும் இதுதான்" என்றது செவலை. "மாமியாரா ரொம்ப நாள் இருந்துட்டே. கொஞ்ச நாள் ஆத்தாளா இரேன்."

வீராயி பஞ்சாரத்தைத் தூக்கி எறிந்தாள். செவலையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். "என் தங்கமே, இனிமே நீ முட்டையே இட வேண்டாம். உசிரோட இரு, போதும்."

"ஒரேயடியா வேண்டாம்னு யாரு சொன்னா? பகல் சுருங்கினா ஓய்வு, பகல் நீண்டா முட்டை. சம்மதமா?"

"சம்மதம்!" என்று முந்திக்கொண்டு கத்தியவள் பேச்சி. "எனக்குப் பூண்டுக் குழம்பே போதும்!"

அந்த வாரமே செவலை நைந்த இறகுகளையெல்லாம் உதிர்த்துப் போட்டது. வீராயி அடுப்போரம் இடம் கொடுத்து, கம்பும் கரையானுமாக ஊட்டினாள். மார்கழியில் புது இறகு பளபளத்தது. "பிறந்த வீட்டுல எடுத்துக் குடுத்த சேலை" என்று செவலை பீற்றிக்கொள்ள, அக்கம்பக்கத்துக் கோழிகளெல்லாம் தங்கள் வீட்டில் சண்டைக்கு நின்றன. தை பிறந்தது, பகல் நீண்டது. பேச்சி புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய காலையில் செவலை முதல் முட்டையை இட்டுத் தெருவே அதிரக் கொக்கரித்தது. வீராயி அந்தச் சூட்டோடு முட்டையை எடுத்துப் பேத்தியின் கன்னத்தில் ஒற்றினாள்.

அன்று முதல்தான் பகல் சுருங்கியதும் கோழிகள் இறகை உதிர்த்து முட்டையை நிறுத்துகின்றன, தை பிறந்ததும் புது இறகோடு இடத் தொடங்குகின்றன. இடைப்பட்ட நாளில் யாராவது முட்டை கேட்டு வந்தால், காலடியில் மேய்ந்துகொண்டிருக்கும் கோழியையே காட்டி, "அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.