கள்ளி இலை உதிர்த்த நண்பகல்

அந்தக் காலத்தில், செடிகொடிகளுக்கும் பூச்சிபொட்டுகளுக்கும் பேச்சு இருந்தபோது, தேரிக்காட்டுச் செம்மணலில் நின்ற கள்ளிக்கு உள்ளங்கை அகலத்தில் இலைகள் இருந்தன. அந்த வருஷம் மழை பெய்யவில்லை. கள்ளியின் உச்சியில் ஒரே ஒரு மொட்டு. அது விரிந்து விதையாகும்வரை தண்டில் தண்ணீர் நிற்க வேண்டும். கள்ளிக்கு வேறு நினைப்பே இல்லை.

தண்டை அமுக்கிப் பார்த்து, நீர் வற்றுகிறதா என்று சொல்ல ஓர் ஓணானை வைத்திருந்தது. அதற்குக் கூலி, இலை நிழல்.

"தண்ணி இருக்கா வே?"

ஓணான் தலையாட்டியது.

"கொறஞ்சிருக்கா?"

அதற்கும் தலையாட்டியது.

"வாயத் தொறந்து சொல்லித் தொலையுமே! ரெண்டுக்கும் மண்டைய ஆட்டினா நான் என்னன்னு எடுத்துக்கிட?"

"எல்லாம் இருக்கு மதினி. சும்மா பதறாதீய."

இலைகளோ உச்சிவெயிலில் மேல்காற்றோடு வாய் ஓயாமல் பேசின. திறந்த வாய் வழியே நீர் போய்க்கொண்டே இருந்தது.

"ஏட்டி, வாய மூடுங்கட்டி! பொழுது சாஞ்சு பேசினா ஆகாதா?"

"சாஞ்சா தூக்கம் வருதேம்மா. காத்து பாதிக் கதையில நிக்குது, எப்படி விட?"

சொல்லிச் சொல்லிக் கள்ளிக்கு அலுத்துப்போயிற்று.

ஒரு நண்பகல் மொட்டு தலை தொங்கியது. கள்ளி ஓணானைக் கூப்பிட்டது. ஓணான் அமுக்கியது. விரல் பட்ட பள்ளம் நிமிரவில்லை. ஓணான் ஒரு தடவை இலை நிழலைப் பார்த்துவிட்டு, "இருக்கு மதினி" என்றது.

"பள்ளம் எனக்கே தெரியுது வே. நெழல் போயிருமேன்னுதான இத்தன நாளும் ஆட்டுனீரு?"

ஓணான் இலை நிழலுக்குள் இன்னும் ஒடுங்கியது.

"இந்த எல இருக்கியமட்டும் நீரும் நெசம் சொல்லமாட்டீரு, இவளுகளும் வாய மூடமாட்டாளுவ."

கள்ளி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது.

"யம்மா, எங்களையா?" என்று இலைகள் கேட்டது மணலில் விழுந்த பிறகுதான் கள்ளியின் காதில் விழுந்தது. அது குனிந்து பார்க்கவில்லை. காம்பு விட்ட இடமெல்லாம் பால் கசிந்து, உறைந்து, அடைத்துக்கொண்டது. இலைகளின் வேலையைத் தண்டு வாங்கிக்கொண்டு பச்சையாயிற்று. சில நாளில் மொட்டு நிமிர்ந்து, விரிந்து, விதை விட்டது.

அன்று முதல்தான் கள்ளி மொட்டைத் தண்டாக நிற்கிறது. பகல் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெயில் இறங்கி யாரும் பேச்சுக்கு வராத நேரம் பார்த்து மெல்ல விடுகிறது.