வலது கைக்கு ஒரு பெண்

அறிவுக்கோட்டை என்று ஓர் ஊர். பெயர் வைத்தவர் வெளியூர்க்காரர், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே செக்காட்டும் கோமதிநாயகத்துக்கு வயது முப்பத்தெட்டு. பார்த்த மூன்று பெண்களும் புண்ணாக்கு வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது நாலாவது இடம். இதுவும் தட்டிப்போனால் செக்கோடுதான் குடித்தனம் என்று அவனுக்குப் பயம்.

தாய்மாமன் பூதப்பாண்டியும் சித்தப்பா சங்கரலிங்கமும் அவனை அத்தர் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்காரர் இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தார். ஒன்று வெட்டிவேர், மற்றது வெட்டிவேரோடு பச்சிலை சேர்த்தது. இரண்டிலும் மழையில் நனைந்த மரத்தின் மணம். வித்தியாசம் கடைக்காரருக்கே பாதி நாள் தெரியாது.

“நான் மோந்து சொல்லுதேன்” என்றார் மாமா. அவருக்கு ஒரு வாரமாகக் கடும் ஜலதோஷம்.

“அதான் சரி. மத்தவன் மூக்குன்னா ஏதாவது ஒரு பக்கம் சாயும். மச்சான் மூக்கு எந்தப் பக்கமும் சாயாது” என்றார் சித்தப்பா.

நீதி தவறாத அந்த மூக்கு, இரண்டிலுமே வாசனை இல்லை என்று தீர்ப்பளித்தது. பச்சை வாசனை எதில் அதிகம் என்று வாசலில் நின்ற வெள்ளாட்டிடம் காட்டினார்கள். அது சித்தப்பாவின் துண்டைத் தின்றது.

கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று. “கைக்கு ஒண்ணாப் பூசிட்டுப் போங்க. பொண்ணுக்கு எது பிடிக்கோ அதை வச்சுக்கிடுங்க. ரெண்டும் கலந்துராமப் பாத்துக்கிடுங்க, அம்புட்டுத்தான்!”

கலக்குமா பின்னே? கோமதிநாயகம் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி, அப்படியே பெண் வீட்டுக்குள்ளும் நுழைந்தான். பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது.

“மாப்பிள்ளைக்குக் கும்பிடத் தெரியாதோ?” என்றார் பெண்ணின் அப்பா.

“கல்யாணம் முடிவாகட்டும், கும்பிடுவான்” என்று சமாதானம் சொல்லிவிட்டு, மாமா காப்பியை ஆற்றி அவன் வாயில் ஊற்றினார்.

பெண் உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அருகில் வந்து இரண்டு கைகளையும் முகர்ந்தாள். “இடது கை மணம்தான் பிடிச்சிருக்கு. எனக்குச் சம்மதம்.”

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சித்தப்பாவின் முகம் மட்டும் கறுத்தது.

“அப்ப வலது கை பிடிக்கலைன்னு ஆயிட்டே. தாலி கட்டப்போறது அந்தக் கைதானே மச்சான்?”

“பிடிக்காத கையால கட்டினா பொண்ணு பாவம்லா?” என்றார் மாமா.

“கையைக் கழுவினாப் போதுமே” என்றார் பெண்ணின் அப்பா. மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இந்த வயதிலும் இவ்வளவு விவரமில்லாத மனிதரா!

அரை மணி நேரம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்து, மூவரும் செருப்பை மாட்டினார்கள். உலகம்மாள் பதறிப்போய் வாசலுக்கு ஓடி வந்தாள். “எங்க கிளம்பிட்டீங்க?”

கோமதிநாயகம் இடது கையை அவள் பக்கம் ஆசையாக நீட்டி, வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

“நீ கவலைப்படாத உலகு. இந்தக் கைக்கு மட்டும் பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு பாத்துட்டு, ஒரு எட்டுல வந்துருதேன்.”