மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்

“கியரை மூணுல இருந்து ரெண்டுக்குப் போட்டா கர்ருனு அரைக்குதும்மா. ஏத்துறப்ப ஒண்ணும் இல்ல. குறைக்கிறப்பதான்.”

சொன்னவர் தணிகாசலம். மூன்று மாதம் முன்புவரை தாசில்தார்.

கேட்டவள் மெகருன்னிசா. மலையடிவாரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறாள். வயதில் அவருக்கு மகள் மாதிரிதான். ஆனால் வண்டி என்று வந்துவிட்டால் அந்த மலையில் எல்லோரும் அவள் முன்னால் கைகட்டித்தான் நிற்பார்கள்.

தணிகாசலம் கைகட்டவில்லை. பழக்கம் இல்லை.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடு. மேல போகணும்.”

“மேல யாரு சார்?”

“வீட்டுல. அவ தங்கச்சி வீட்டுக்குப் போயி பதினோரு நாளாச்சு. நீங்க ஓட்டுற வண்டியில இனிமே ஏற மாட்டேன்னுட்டா. சத்தம் நின்னாதான் கூட்டிட்டு வர முடியும்.”

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுக்கதையும் இல்லை. மனைவி குணவதி கிளம்பிய அன்று காலை, அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. ‘சமையலறை விளக்கு தேவையின்றி எரிவது குறித்து உரிய விளக்கம் அளிக்கவும்.’ பச்சை மை. கீழே அவருடைய கையெழுத்து, தேதி. வீட்டில் இருந்ததே இரண்டு பேர். நகல் யாருக்கு என்று மட்டும் அதில் குறிப்பிடவில்லை.

மெகருன்னிசா பானட்டைத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

“ஓட்டுங்க சார்.”

மலை ஏறினார்கள். நாலாவது கொண்டை ஊசியில் பனி வந்து சாலையை எடுத்துக்கொண்டது. வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த இடத்தில் சாலை இருப்பதே தெரிந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். வளைவு வந்தது. தணிகாசலம் கியரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

கர்ர்ர்.

“கிளட்ச நல்லா மிதிச்சேன்,” என்றார். அவள் ஒன்றும் கேட்கவே இல்லை.

அவள் குனிந்து அவர் காலடியிலிருந்து ஒரு கயிற்று மிதியடியை உருவினாள். அதன் கீழே ரப்பர் மிதியடி. அதன் கீழே மடித்த செய்தித்தாள். எல்லாவற்றையும் பின்சீட்டில் போட்டாள்.

“இப்ப மிதிங்க.”

மிதித்தார். கிளட்ச் தரைவரை இறங்கியது. அடுத்த வளைவு.

கர்ர்ர்.

“அப்ப அது இல்ல,” என்றாள்.

ஷெட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் போனாள். கியர்பாக்ஸின் எண்ணெய் மூடியைக் கழற்றிவிட்டுக் கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

“பேனா இருக்கா சார்?”

கொடுத்தார். பேனா திரும்பி வந்தபோது பாதிவரை எண்ணெயில் முங்கியிருந்தது.

“என்னம்மா இது. கையெழுத்துப் போடுற பேனா.”

“இனிமே எதுல சார் கையெழுத்து?”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. ஆபீஸாக இருந்தால் இந்நேரம் அவள் மேஜைக்கு ஒரு மெமோ போயிருக்கும். இங்கே அவளுக்கு மேஜையும் இல்லை.

அவள் வெளியே வந்து பேனாவை வாங்கி வெயிலில் பிடித்தாள். எண்ணெய்க்குள் பொன் துகள்கள் மெல்ல நகர்ந்தன.

“பித்தளை,” என்றாள். “உள்ள ஒரு வளையம் இருக்கு சார். ஒரு பல்சக்கரம் ஒரு வேகத்துல சுத்தும். அதோட சேரப்போறது வேற வேகத்துல சுத்தும். சேர்றதுக்கு முன்னாடி இது நடுவுல போய் ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். ரெண்டாவது கியர் வளையம் தேஞ்சு போச்சு.”

“எப்ப?”

“அஞ்சு வருசம் இருக்கும்.”

“என்னம்மா பேசற. சத்தம் மூணு மாசமாத்தான் வருது.”

“மூணு மாசத்துக்கு முன்னாடி யாரு சார் ஓட்டுனது?”

தணிகாசலம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு ஆபீஸ் ஜீப் இருந்தது, அதற்கு டிரைவர் இருந்தார். இந்த வண்டியை ஓட்டியது குணவதி. அரிசி மில்லுக்கு, சந்தைக்கு, அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்கு. ஓய்வு பெற்ற மறுநாள் அவர் கையை நீட்டி, “சாவியைக் குடு. இனிமே நான் ஓட்டறேன்,” என்றிருந்தார்.

“வளையம் தேஞ்சது அவளுக்குத் தெரியுமா?”

“நான்தான் சொன்னேன். பிரிச்சு மாத்த நாலு நாள் ஆகும்னேன். நாலு நாள் வண்டி இல்லாம வீடு ஓடாது, நான் பாத்துக்கறேன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“பாத்துக்கறேன்னா? எப்படி?”

“அதை அவங்ககிட்ட கேளுங்க.”

“நீ சொல்லித்தர மாட்டியா?”

“லாரிக்காரங்க கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சு டபுள் கிளட்ச்னு ஒண்ணு பண்ணுவாங்க. அது எனக்குத் தெரியும். உங்க வீட்டம்மா பண்றதையும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். அவங்க கைப்பக்குவம் வேற சார்.”

“புது வளையம்?”

“கோயமுத்தூர்ல சொல்லி வைக்கறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள வராது.”

சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் தனியாக மலை ஏறினார். வழி முழுக்கப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனார். மூன்று பத்தி வந்தது. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

குணவதி வாசலில் மல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“சரி பண்ணியாச்சா?”

“இல்ல.”

அவள் மறுபடி தழைக்குத் திரும்பினாள். மூன்று பத்தியில் ஒரு வரிகூட அவருக்கு நினைவு வரவில்லை. பயமாக இருந்தது. இவள் வராமலே போய்விடுவாள் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

“அஞ்சு வருசமா நீ எப்படி ஓட்டுன?” என்றார்.

குணவதியின் கை நின்றது. எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம், எவ்வளவு ஆயிற்று — முப்பத்தொரு வருடத்தில் இவையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். எப்படி என்று கேட்டதில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துப் பையோடு வந்து கையை நீட்டினாள்.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினார்.

இறங்கினார்கள். முதல் வளைவு. அவள் கியரை மூன்றிலிருந்து எடுத்து நடுவில் விட்டாள். கிளட்சிலிருந்து காலையும் எடுத்துவிட்டாள். வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் பனிக்குள் மிதந்தது. அவள் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாள். எஞ்சினின் குரல் கொஞ்சம் மேலே வந்தது. மறுபடி கிளட்ச்.

இரண்டாவது கியர் விழுந்தது. சத்தம் இல்லை.

அவர் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார்.

மூன்றாவது வளைவில் அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கியர்ல கையை வைங்க,” என்றாள்.

காலெல்லாம் அவளுடையது, கை மட்டும் அவருடையது. போலீஸ்காரர் யாராவது பார்த்திருந்தால் என்ன வழக்குப் போடுவது என்று தெரியாமல் விட்டிருப்பார்.

அவர் இழுத்தார்.

கர்ர்.

“இருங்க,” என்றாள். “அவசரம் இல்ல.”

அடுத்த வளைவு. இந்தத் தடவை அவர் கியரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். கீழே பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து குணவதி கேட்டாள்.

“ஃபிரிட்ஜ்ல அந்தக் காகிதம் இன்னும் இருக்கா?”

பதில் அவர் நாக்கு நுனியில் தயாராக நின்றது. கரண்ட் பில், சிக்கனம், நாலு நல்ல காரணங்கள்.

அவர் கை கியரின் மேல் அப்படியே இருந்தது. எஞ்சின் மெல்ல மேலே வந்து ஓரிடத்தில் அமைதியானது.

“இப்பவா?” என்றார்.

“ம்.”

கியர் விழுந்தது. அவருக்குக் கையில் ஒன்றுமே தெரியவில்லை.

“இருக்கு,” என்றார். “நீ வந்து கிழிக்கணும்னு வெச்சிருக்கேன்.”