சுவருக்கு அந்தப் பக்கம் நாலு பேர்

குரு உலகம்மையின் மடத்தில் அவரைவிட இருபது வயது மூத்த சீடர் ஒருவர் இருந்தார். பெயர் வெயிலுமுத்து. பிடிவாதக்காரர். தம்பி நயினாரையும் கூட்டிக்கொண்டுதான் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

நயினாருக்குக் குரல்கள் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நின்று தன்னைக் கொல்ல நாள் குறிப்பதாகச் சொல்வார். தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று நேற்று மாலை கதவைச் சாத்தியவர் இன்னும் திறக்கவில்லை.

வெயிலுமுத்து குருவிடம் வந்தார்.

“கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ச் சுவரைச் சுத்திக் காட்டியிருக்கேன், தாயே. ஈ காக்கா இல்ல. ‘நீயும் அவங்க ஆளா’ன்னு கேட்டான். இல்லாததை இல்லைன்னு எப்படிப் புரியவைக்கிறது? புரியவைக்காம விடமாட்டேன்.”

“முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க” என்றார் உலகம்மை.

சற்று நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. வெயிலுமுத்து பந்திக்குப் போனார். இலை போட்டிருக்கவில்லை.

“மணி அடிச்சாச்சே?”

“இல்லையே” என்றார் சமையல்காரர்.

“மூணு தடவை அடிச்சுது. என் காதால கேட்டேன்.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். “இல்லங்கய்யா. நீங்க கொஞ்ச நேரம் படுத்திருங்க.”

அவள் கனிவாகத்தான் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்துவிட்டார். மணியடிப்பவரிடம் ஓடினார். அவரும் இல்லை என்றார்.

வெயிலுமுத்து குருவிடம் வந்து கத்தினார்.

“எல்லாரும் ஒண்ணு சேர்ந்துக்கிட்டு என்னைய…”

பாதியில் வாய் நின்றது.

“மணி அடிச்சது நிஜம்” என்றார் உலகம்மை. “இல்லைன்னு சொல்லச் சொன்னது நான். பொறுத்துக்கணும், ஐயா. இத்தனை பேர் இல்லைன்னு சொன்னப்போ, நீங்க கேட்ட சத்தம் பொய்யாயிடுச்சா?”

“இல்ல.”

“யார் மேல கோபம் வந்தது?”

“இல்லைன்னு சொன்னவங்க மேல.”

வெயிலுமுத்து தம்பியின் கதவுக்கு வெளியே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“நயினா, அவங்க என்ன சொல்றாங்க?”

உள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. “உனக்கும் கேக்குதா?”

“எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குது. நீ பொய் சொல்ற ஆள் இல்ல. பயமா இருக்கா?”

உள்ளே அழும் சத்தம் கேட்டது.

“ஏழு வருஷமாச்சு, அண்ணே. இதை இன்னைக்குத்தான் கேக்குற.”

வெயிலுமுத்து எழுந்திருக்கவே இல்லை. பொழுது சாயும்போது கதவு ஒரு சாண் திறந்தது.

“என் கண்ணு முன்னாடி நீயே இறைச்சு, நீ குடிச்சுட்டுக் குடு.”

அண்ணன் கிணற்றில் இறைத்துக் குடித்தார். பிறகு தம்பி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். காலையில் டவுன் டாக்டரிடம் வருகிறேன் என்றார், அண்ணன் கூடவே இருந்தால்.

வெயிலுமுத்து குருவிடம் திரும்பினார்.

“மருந்து சாப்பிட்டா அந்தக் குரல் எப்போ நிக்கும், தாயே? எத்தனை வருஷம் ஆனாலும் நான் அலையத் தயார்.”

“அதை டாக்டர்கிட்ட கேளுங்க, ஐயா. நாளைக்கு பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்தா உங்க தம்பிக்குப் பயமா இருக்குமா, உள்பக்கமா உக்காந்தாவா? அதை இப்பவே போய் அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க.”