வைத்தியர் புத்தகமும் பாதம் வைத்த எழுத்தும்

மட்டியூர் அச்சுக்கூடத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேரின் மூளையையும் ஒன்றாக உருக்கி ஊற்றினால் ஒரு முற்றுப்புள்ளி வார்க்கலாம், அதுவும் கொஞ்சம் சின்னதாக. அவர்களில் மூத்தவன் ஏகாம்பரம். மற்ற இருவரும், குப்பாண்டியும் தவசியும், அவன் எதைச் சொன்னாலும் "அண்ணன் சொன்னா சரி" என்பார்கள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். ஏகாம்பரத்துக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியாது. அதனால் தலை நரைக்க ஆரம்பித்தும் பெண் அமையவில்லை. அப்போதுதான் நாட்டு வைத்தியர் சடையப்பர் தன் அனுபவத்தையெல்லாம் 'அஜீரண சஞ்சீவி' என்று எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். வேறு எந்த அச்சுக்கூடமும் அதைத் தொடவில்லை. வைத்தியருக்கு மரகதம் ஒரே பெண். ஆனால் புத்தகம்தான் மூத்த பிள்ளை.

"தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை இது அச்சாகி என் கைக்கு வரணும். அழகா வந்துச்சுன்னா மரகதம் உனக்கு. இல்லேன்னா இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன்."

மரகதத்தை ஏகாம்பரம் தேரோட்டத்தில் பார்த்திருக்கிறான். தேர் அவளைத் தாண்டிப் போன பிறகும் "தேர் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்தே அவனுக்கு அவள்மேல் உயிர்.

உடனே பட்டணம் போய்ப் புது ஈய எழுத்து வாங்கினான். பழைய பாணியில் வார்த்த புத்தக எழுத்து. தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் குட்டியாக ஒரு பாதம். விற்றவர் நல்ல மனிதர். பெட்டியைக் கட்டும்போதே பக்குவம் சொன்னார்.

"இந்தப் பாதம் இருக்கே, அதுதான் அழகு. வரி ஆடாம நிக்கும், படிக்கிறவன் கண்ணு வழுக்காம ஓடும். பாதம் தேயாம பார்த்துக்கங்க. அப்புறம், கண்ணாடியில பார்த்து, சரின்னு தெரிஞ்ச பிறகுதான் எதையும் செய்யணும்."

"எதையுமா?"

"எதையும்தான்," என்றார் அவர். பாவம், அவருக்கு ஏகாம்பரத்தைத் தெரியாது.

ஊர் வந்ததும் ஆலோசனை நடந்தது.

"பாதம் எதனால தேயும்?" என்றான் ஏகாம்பரம்.

"நின்னா தேயும்ணே," என்றான் தவசி. "நடந்தாலும் தேயும்."

"ஈயம் நடக்காதேடா," என்றான் குப்பாண்டி.

"பழைய எழுத்துக்குப் பாதம் இல்ல, நடக்கல," என்றான் ஏகாம்பரம். " இது பாதம் வச்சது. எதுக்கும் கதவைச் சாத்திருவோம்."

கதவைச் சாத்தினார்கள். பஞ்சு மெத்தை விரித்து, எழுத்துகளை அதன்மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கோத்தார்கள். படுத்த வாக்கிலேயே மை தடவி முதல் பக்கத்தை அடித்தார்கள். காகிதம் நிறையக் கறுப்புக் கட்டைகள் விழுந்தன.

வைத்தியர் வந்து பார்த்தார். "என்னடா இது? என் எழுத்தெல்லாம் எங்கே?"

"தூங்குதுங்க," என்றான் குப்பாண்டி மெல்லிய குரலில்.

"எழுப்புங்கடா! நிமிர்த்தி நிக்கவைங்கடா! வெள்ளிக்கிழமை தவறுச்சோ, பொண்ணு கிடையாது!"

ஏகாம்பரம் ஒவ்வோர் எழுத்திடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நிமிர்த்தி வைத்தான். பிறகு குனிந்து பார்த்து அலறிவிட்டான். எந்த அச்செழுத்தும் நிற்பதுபோலவே அத்தனை எழுத்தும் இடம் வலமாகத் திரும்பி நின்றது.

"கோபத்துல முகத்தைத் திருப்பிக்கிச்சுண்ணே," என்றான் தவசி. "தூங்கினதை எழுப்பினா அப்படித்தான்."

அப்போதுதான் பட்டணத்துக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. தவசி தன் சவரக் கண்ணாடியை எடுத்துவந்து எழுத்துக்கு எதிரே பிடித்தான். கண்ணாடிக்குள் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மூவரும் கண்ணாடியைக் கும்பிட்டுவிட்டு, சோறு தண்ணி மறந்து முழுப் புத்தகத்தையும் அடித்துத் தைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏகாம்பரம் குளித்து, விபூதி பூசி, புத்தகத்தைக் கண்ணாடியில் காட்டினான். ஒரு வரிகூட விளங்கவில்லை. எல்லாம் திரும்பிக் கிடந்தது.

"மரகதம் போயிட்டாடா," என்று இடிந்து உட்கார்ந்தான்.

"கண்ணாடி இல்லாம பார்த்தா நல்லாத்தானே இருக்கு?" என்றான் குப்பாண்டி.

"வெறுங்கண்ணால பார்க்கிறதெல்லாம் ஒரு பார்வையாடா?" என்று ஏகாம்பரம் விம்மினான்.

மூவரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது வைத்தியர் வந்தார். புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தார். பாதம் ஊன்றிய எழுத்துகள் வரிவரியாக நின்றன. படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, அஜீரணம்கூட எவ்வளவு லட்சணமா இருக்கு! வாங்க மாப்பிள்ளை!"

ஏகாம்பரம் தவசியின் காதைக் கடித்தான். "மாமாவுக்குக் கண் கோளாறு. நம்ம நல்ல நேரம். வெளியில சொல்லிராதே."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பெண்ணை அனுப்பும் நேரத்தில் வைத்தியர் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, என் பொண்ணு பாதம் தரையில படாம பார்த்துக்கணும்."

"அதுதானே மாமா நம்ம தொழிலே!" என்றான் ஏகாம்பரம்.

சற்று நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்தியர் வாசலுக்கு வந்தார். அங்கே மரகதம் பட்டுப்புடவையோடு பஞ்சு மெத்தைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சுற்றிலும் மரச்சட்டம் அடித்து, எழுத்துக் கட்டுகிற நூலால் அவளை இறுக்கிக் கட்டி, மூவரும் தூக்கப் போனார்கள்.

"அடப்பாவிகளா! நிமிர்த்தி நிக்கவைங்கடா!"

"நிமிர்த்தினா முகத்தைத் திருப்பிக்குவா மாமா," என்றான் ஏகாம்பரம் பணிவாக. "சந்தேகம்னா ஒரு ப்ரூஃப் எடுத்துக் காட்டிடறேன்."

குப்பாண்டி மை உருளையோடு ஓடிவந்தான்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க," என்றாள் மரகதம் கட்டுக்குள்ளிருந்து. "மையை மட்டும் மெல்லிசா தடவச் சொல்லுங்க. மூக்குத்தி புதுசு."

அன்று எடுத்த அந்த ப்ரூஃப் காகிதம் இன்னும் மட்டியூர் அச்சுக்கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வெறுங்கண்ணால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மூக்குத்தியும் முக்கால் மூக்கும்தான் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் அசல் மரகதமே என்று ஏகாம்பரம் சத்தியம் செய்கிறான். கால் மூக்கு விடுபட்டது ஒரே ஒரு பிழைதான், அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்கிறாள் மரகதம்.