பன்னிரண்டு மூட்டை

மழை பொய்த்த மூன்றாம் ஆண்டு அது. ஜமீன் களஞ்சியத்தின் வாசலில் ஊரே பசியோடு உட்கார்ந்திருந்தது. காரியஸ்தர் விருத்தகிரி கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"உள்ளே இருக்கும் மூட்டைகளை மும்மடங்காக்கி நாலைக் கூட்டினால் நாற்பது. எத்தனை மூட்டை? சரியாகச் சொன்னால் கதவைத் திறக்கிறேன்."

சாணம் அள்ளும் பூவாயிக்கு எண்ண மட்டும்தான் தெரியும். எழ முடியாமல் பக்கத்தில் படுத்திருந்த கணக்கு வாத்தியார் தணிகாசலம் அவளிடம் மெல்லச் சொன்னார்.

"கடைசியில் கூட்டினதை முதலில் எடுங்கக்கா. நாற்பதில் நாலு போனால்?"

"முப்பத்தாறு."

"அதை மூணு பங்காக்குங்க."

பூவாயி முப்பத்தாறு கற்களைப் பொறுக்கி மூன்று குவியலாகப் பிரித்தாள். ஒரு குவியலை எண்ணிவிட்டு எழுந்தாள்.

"பன்னிரண்டு, சாமி."

விருத்தகிரியின் முகம் கறுத்தது. "தப்பு" என்றார்.

"தப்பாத்தான் இருக்கும் சாமி, நான் படிக்காதவ. கதவைத் திறந்து எண்ணிக் காட்டுங்க. ஊரும் பார்க்கட்டும்."

ஊர் எழுந்து நின்றது. இனித் திறக்காமல் தப்ப முடியாது என்று அவருக்குப் புரிந்தது. உள்ளே சரியாகப் பன்னிரண்டு மூட்டை கம்பு இருந்தது.

கஞ்சி கொதித்ததும் முதல் கலயத்தைப் பூவாயி வாத்தியாரிடம் கொண்டுபோனாள். "தம்பி, கஞ்சி" என்றாள். அவர் கண் திறக்கவில்லை. கலயம் ஆறும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.