நரி விற்ற கறுப்புக் கண்ணாடி

மலை உச்சியில் ஒரு நரி கண்ணாடிக் கடை போட்டிருந்தது. அந்தக் காட்டு மிருகங்களுக்கு எங்கே போனாலும் சைக்கிள்தான். இறக்கத்தில் காற்று கண்ணில் அறையும், பூச்சி வந்து விழும். அதனால் கண்ணாடி போடாமல் யாரும் கீழே இறங்குவதில்லை.

நரியோ வருகிறவர்களுக்கெல்லாம் கன்னங்கரேலென்ற கூலிங் கிளாஸையே விற்றது. அதற்குக் காரணம் இருந்தது. பாதி இறக்கத்தில் ஒரு மூங்கில் காடு. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுதான். அங்கே ஒரு நொண்டிச் சிறுத்தை பதுங்கியிருந்தது. தூரத்திலேயே அதைப் பார்த்தவர்கள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தப்பிவிடுவார்கள். நொண்டிக் காலோடு சிறுத்தையால் அவர்களைத் துரத்த முடியாது.

"உங்களைப் பாக்காம வர்ற மாதிரி ஆளுங்கள அனுப்பறது என் வேலை. மிச்சம் மீதி எனக்கு!" என்று நரி சிறுத்தையிடம் பேசி வைத்திருந்தது. கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போன முள்ளெலி இன்னும் வீடு போய்ச் சேரவில்லை, பாவம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் துள்ளி என்ற முயலும் செம்பன் என்ற கீரியும் கடைக்கு வந்தன. அடிவாரத்து வளையில் துள்ளியின் குட்டிகள் பாலுக்குக் காத்திருந்தன.

"வெயிலப் பாத்தியா தங்கச்சி! எவ்வளவு கறுப்போ, கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி!" என்றது நரி. விளம்பரத்துக்காக அதுவும் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருந்தது.

துள்ளி ஒன்றைப் போட்டுக்கொண்டு கடை நிலைக்கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பியது. "ஆகா! நானா இது!"

செம்பன் மூலையில் கிடந்த நிறமில்லாத கண்ணாடியைத் தூசி தட்டி எடுத்தது. மர நிழலுக்குப் போய், அதை மாட்டிக்கொண்டு தரையை உற்றுப் பார்த்தது.

"என்ன செம்பா பண்றே?"

"எறும்பு தெரியுதான்னு பாக்கறேன்க்கா. நாம போற வழியில பாதி நிழல்தானே!"

நரியின் முகம் சுருங்கியது. துள்ளியோ விழுந்து விழுந்து சிரித்தது. "சோடா பாட்டில் மாதிரி இருக்கு! நீயே போட்டுக்கோ!"

இரண்டும் கிளம்பின. துள்ளி முன்னால் பறந்தது. வெயிலில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் யாரோ விளக்கை அணைத்தது போல் ஆனது.

பாதை தெரியவில்லை. தன் முன்சக்கரமே தெரியவில்லை. அப்போது ஒரு வாடை வந்தது. சிறுத்தை வாடை! இடப்பக்கமா? வலப்பக்கமா? துள்ளிக்குக் குட்டிகளின் நினைப்பு வந்தது. கை ஹேண்டில்பாரை விட்டு வர மறுத்தது.

"அக்கா! வலப்பக்கப் பாறை மேல சிறுத்தை! கண்ணாடியக் கழட்டு!" என்று பின்னாலிருந்து செம்பன் அலறியது.

துள்ளி தலையைப் பலமாக உதறியது. கண்ணாடி தெறித்து விழுந்தது. வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், இரண்டு கண்கள்!

துள்ளி சைக்கிளை இடப்பக்கம் வெட்டியது. சிறுத்தை பாய்ந்தது. துள்ளியின் காது நுனி கிழிந்தது. குறி தப்பிய சிறுத்தை மூங்கில் முள்ளில் போய் விழுந்தது. நொண்டிக் காலோடு அது எழுவதற்குள் இரண்டு சைக்கிள்களும் காட்டைக் கடந்துவிட்டன. வளைக்குள் போனதும் துள்ளி குட்டிகளை அணைத்துக்கொண்டது.

மேலே கடையில் இருந்தபடி சிறுத்தையின் உறுமலைக் கேட்ட நரி, "வேலை முடிஞ்சுது!" என்று குதித்தது. ஆசையில், மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து, மூங்கில் காட்டுக்குள் ஓடியது.

"அண்ணே! என் பங்கு எங்க?"

வெகு பக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே... நான்தான், நரி!"

"தெரியுது" என்றது பசியோடிருந்த சிறுத்தை.

நரி கையைக் கண்ணாடியிடம் கொண்டுபோனது. அதைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை.

போகும் பாதையைப் பார்க்காமல் மாட்டிய கண்ணாடி, வாங்கியவர் கண்ணையும் மறைக்கும், விற்றவர் கண்ணையும் மறைக்கும்.